விழுந்தாரா, விழ வைத்தார்களா? காற்பந்தில் டைவ் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கும் காற்பந்துப் போட்டிகளில் இருபது வருடங்களுக்கு மேலாக விசில் ஊதி வருகிறேன். பெரும்பாலும் எழுவர் ஆட்டம். சுண்ணாம்புக் கோடு போட்ட திடல், ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். ஆட்டம் முடிந்ததும் திடலோரத்திலும், உலகக் கிண்ணம் வந்துவிட்டால் சாலையோர ஒட்டுக்கடையிலும், என்னிடம் வரும் கேள்விகளில் பாதி டைவ் என்ற இந்தப் பொய் விழுதலைப் பற்றித்தான் இருக்கும். அந்த ஆட்டக்காரர் நிஜமாக விழுந்தாரா, நடித்தாரா? நடுவர் ஏன் அப்படிச் செய்தார்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

டைவ் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கிறதா, நாமே வைத்த பெயரா?

பெயர் நாம் வைத்தது. குற்றம் புத்தகத்தில் இருக்கிறது. காற்பந்து விதிகளில் 12ஆவது விதி, ஃபவுலையும் ஒழுங்கீனத்தையும் பற்றியது. நடுவரை ஏமாற்ற முயல்வது விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை என்று அதில் சொல்லியிருக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஃபவுல் நடக்காமலே நடந்ததுபோல் விழுவது ஒன்று. அடிபடாமலே அடிபட்டதுபோல் துடிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மஞ்சள் அட்டைதான். இதற்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைக்கும். அதை நேராக கோலுக்குள் அடித்தால் செல்லாது, இன்னொரு ஆட்டக்காரர் மேல் பட்டுப் போனால்தான் கோல்.

இந்தப் பாசாங்கு விதியில் வெளிப்படையாக எழுதப்பட்டது 1999ஆம் ஆண்டில்தான்.

கால் பட்டாலே ஃபவுல்தானே அண்ணே? டி.வி.யில்தான் தெளிவாகத் தெரிகிறதே!

இல்லை. இது ஒன்று புரிந்துவிட்டால் ஒட்டுக்கடைச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

காற்பந்தில் உடம்பு படத்தான் செய்யும். தோளோடு தோள் மோதலாம், பந்துக்காக ஓடும்போது கால்கள் உரசலாம். பட்டது என்பதற்காக மட்டும் விசில் ஊத விதி சொல்லவில்லை. கவனமில்லாமல் மோதினாரா என்று பார்க்கச் சொல்கிறது. ஆம் என்றால் ஃபவுல், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தோடு, ஆளை முடமாக்கும்படி பாய்ந்தால் சிவப்பு அட்டை.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. காலைத் தட்டிவிடுவது மட்டுமல்ல, தட்டிவிட முயல்வதும் விதிப்படி ஃபவுல். ஒரு பையன் பந்தோடு வேகமாக ஓடி வருகிறான். தற்காப்பு ஆட்டக்காரர் சறுக்கிக்கொண்டு வருகிறார். காலை அங்கேயே வைத்திருந்தால் எலும்பு போய்விடும் என்று பையன் எம்பிக் குதிக்கிறான், தரையில் இறங்கும்போது நிலை தவறி விழுகிறான். எதுவுமே படவில்லை. சுற்றி நிற்பவர்கள் "ஆக்டிங், ஆக்டிங்" என்று கத்துவார்கள். ஆனால் அவன் யாரையும் ஏமாற்றவில்லை, தன் காலைக் காப்பாற்றிக்கொண்டான். அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினால் அது அநியாயம்.

ஆகவே 'பட்டதா, படவில்லையா' என்ற கேள்வி பாதிதான். பட்டதனால்தான் விழுந்தாரா என்பதுதான் முழுக் கேள்வி. தோளில் கை வைத்து இரண்டு எட்டு ஓடிய பிறகு கால் மடங்கி விழுகிறார் என்றால், கை பட்டதும் உண்மை, அந்தக் கையால் அவர் விழவில்லை என்பதும் உண்மை.

அப்படியானால் 2014இல் ராபன் விழுந்தது என்ன?

அந்த ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு 12 மணிக்கு. காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள்கூடத் தூங்காமல் பார்த்தார்கள். பிரேசிலின் ஃபோர்தலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய உலகக் கிண்ண இரண்டாம் சுற்று. மெக்சிகோ 1-0 என்று முன்னணியில் இருந்தது. 88ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் சமப்படுத்தினார். 90 நிமிடம் முடிந்து கூட்டிய நிமிடங்களில் நெதர்லாந்தின் அர்யென் ராபன் கோல் கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டுபோக, மெக்சிகோவின் ரஃபாயேல் மார்க்கேஸ் காலை நீட்டினார். ராபன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பறந்து விழுந்தார். போர்ச்சுகல் நடுவர் பெட்ரோ ப்ரோயென்சா பினால்டி கொடுத்தார், ஹன்ட்லார் அடித்தார், மெக்சிகோ வீட்டுக்குப் போனது. 'அது பினால்டி இல்லை' என்ற பொருளில் "நோ எரா பெனால்" என்று மெக்சிகோ மக்கள் சொன்னது அவர்கள் நாட்டில் ஒரு முழக்கமாகவே நிலைத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், மார்க்கேஸின் கால் ராபனின் பாதத்தில் பட்டது. பந்துக்குத் தாமதமாக வந்த கால் அது. பினால்டி கொடுத்ததை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பறந்த பறத்தல் அந்தப் படுதலுக்கு உரியதே அல்ல. நிஜ ஃபவுலின் மேல் பூசிய நடிப்பு அது. விதி இந்த இடத்தில் நடுவருக்குப் பெரிய உதவி செய்வதில்லை. ஃபவுல் நடந்திருந்தால் அதைத்தான் கொடுக்க முடியும்.

ஆட்டம் முடிந்ததும் ராபன், முதல் பாதியில் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடைசிப் பினால்டி மட்டும் நியாயமானது என்றார். முதல் பாதியில் விழுந்ததற்கு அவருக்கு அட்டை கிடைக்கவில்லை. அவர் அங்கே பொய்யாக விழாமல் இருந்திருந்தால், கடைசியில் விழுந்ததை இத்தனை பேர் சந்தேகப்பட்டிருப்பார்களா? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

ரிவால்டோவுக்கு என்ன தண்டனை கிடைத்தது?

2002 உலகக் கிண்ணம், ஜூன் 3, தென் கொரியாவின் உல்சான் நகர். நமக்கு மாலை 5 மணி ஆட்டம், வேலை முடிந்து வந்தவர்கள் குளிக்காமலே உட்கார்ந்து பார்த்தார்கள். பிரேசில் 2-1 என்று துருக்கியை முந்திவிட்டது. கடைசி நிமிடங்களில் பிரேசிலின் ரிவால்டோ கார்னர் எடுக்க நின்றார். துருக்கியின் ஹக்கான் உன்சால் கோபத்தில் பந்தை அவரை நோக்கி உதைத்தார். பந்து காலில் பட்டது. ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் சிவப்பு, வெளியே.

ஃபிஃபா பிறகு ரிவால்டோவுக்கு 11,670 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் போட்டது. ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை. அவர் தொடர்ந்து விளையாடி உலகக் கிண்ணத்தைத் தூக்கினார்.

உன்சால் செய்ததும் தவறுதான், பந்தை ஆள்மேல் உதைக்கக் கூடாது. ரிவால்டோ எழுந்து நின்றிருந்தாலும் அட்டை வந்திருக்கலாம். அதனால்தான் அந்த நடிப்பு எனக்கு அதிகம் வலிக்கிறது. தேவையே இல்லாத ஒரு பொய். ரிவால்டோவின் இடது காலைப் போல இன்னொரு காலை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் திடலில் பையன்கள் அந்த வாரம் முழுக்க அவரைப் போல முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து பழகினார்கள். அவரைப் போல பந்து அடிக்க ஒருவனும் பழகவில்லை.

தென் அமெரிக்கர்கள்தான் இப்படியா?

இல்லை. 1990 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் ருடி ஃபொல்லர் விழுந்ததற்குக் கிடைத்த பினால்டியை ப்ரெமே 85ஆவது நிமிடத்தில் அடித்துத்தான் கிண்ணம் வென்றார்கள். அர்ஜென்டினா அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2002இல் மைக்கேல் ஓவன் விழுந்து, பெக்கம் பினால்டி அடித்து, இங்கிலாந்து அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றது. காலை நீட்டிய போச்செத்தினோ, ஓவன் தானாகவே விழுந்தார் என்றுதான் பின்னாளிலும் சொன்னார். 2006இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் இத்தாலியின் ஃபாபியோ க்ரோஸ்ஸோ, தரையில் கிடந்த லூக்கஸ் நீல் மேல் தடுக்கி விழுந்தார். அதையும் இன்றுவரை பேசுகிறார்கள். பழக்கம் எந்தக் கண்டத்துக்கும் தனிச் சொத்து இல்லை. 'அந்த நாட்டுக்காரன் என்றால் நடிப்பான்' என்ற நினைப்போடு திடலுக்குள் போகும் நடுவர், முதல் விசிலுக்கு முன்பே பாதித் தவறைச் செய்துவிட்டார்.

நிஜமாக விழுந்தவரை நடித்தார் என்று தண்டித்தது உண்டா?

உண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட மோசமானதாக நினைக்கிறேன்.

2002லேயே, ஜூன் 18, டேஜான் நகரில் தென் கொரியாவும் இத்தாலியும். 1-1 சமநிலை, மிகை நேரம். கோலுக்கு முன்னால் உள்ள பினால்டி பெட்டிக்குள் இத்தாலியின் ஃப்ரான்செஸ்கோ டொட்டி விழுந்தார். எக்வடோர் நடுவர் பைரன் மோரேனோ, நடித்ததாக முடிவு செய்து இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டினார். பத்துப் பேரோடு ஆடிய இத்தாலி, ஆன் ஜங்-ஹ்வானின் தங்கக் கோலில் தோற்றது (மிகை நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் என்பது அன்றைய விதி). மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தால், இரண்டு பேரும் பந்துக்காகப் போய்த் தட்டுப்பட்டதுபோல்தான் தெரிகிறது. பினால்டி இல்லை என்று விட்டிருக்கலாம். அட்டைக்கு இடமே இல்லை. ஃபவுல் இல்லை என்றால் உடனே டைவ் என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் 'ஒன்றும் இல்லை, ஆடுங்கள்' என்ற தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நல்ல நடுவர் அதைத்தான் அதிகம் பயன்படுத்துவார்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக் கிண்ணத்தின் அரையிறுதி. முதல் பாதியில் ஓர் அணியின் பையன் பெட்டிக்குள் விழுந்தான், நான் பினால்டி கொடுத்தேன். அவன் எழுந்து நண்பனைப் பார்த்துக் கண்ணடித்ததை எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், ஆனால் அதற்குள் கோல் விழுந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாம் பாதியில் அதே அணியின் இன்னொரு பையன், பதினாறு வயது, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நான் பின்னாலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தேன், கால் பட்டதைப் பார்க்கவில்லை. 'மறுபடியும் ஏமாற மாட்டேன்' என்ற ஒரே நினைப்பு. மஞ்சள் அட்டை காட்டி, எழுந்திரு என்றேன். அவன் எழுந்திருக்க முயன்றான், முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பில் விரிசல், மூன்று மாதம் ஆடவில்லை.

அட்டை காட்டிய கை என்னுடையது. அந்தப் பொறுப்பு என்னுடையதுதான். ஆனால் முதலில் பொய்யாக விழுந்தவன் எதிரணியை மட்டும் ஏமாற்றவில்லை, தன் நண்பனுக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான். டைவ் அடிப்பது சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கணுக்கால்தான் ஞாபகம் வரும்.

நடுவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் நிற்கும் இடம். நேர் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதே தெரியாது. பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். அதனால்தான் நடுவர்கள் திடலில் குறுக்காக, மூலைவிட்டமாக ஓடுகிறார்கள், தமக்கும் துணை நடுவருக்கும் நடுவே ஆட்டம் இருக்கும்படி. அனைத்துலக ஆட்டங்களில் எல்லோர் காதிலும் கருவி இருக்கிறது, உடனே பேசிக்கொள்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் கொடி பிடிப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

அப்புறம் உடம்பு. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனவியல் ஆய்வாளர் பால் மோரிஸ், பொய்யாக விழுபவர்களின் உடல் அசைவைப் படித்தார். வில் நாண் ஏற்றியதுபோல ஒரு கோலம் அதில் அடிக்கடி வருகிறது: தலை பின்னால் சாய்ந்து, நெஞ்சு முன்னால் தள்ளி, இரண்டு கையும் மேலே போய், முழங்கால்கள் மடங்கி இருக்கும். நிஜமாகத் தடுக்கி விழும் மனிதன் இப்படி விழுவதில்லை. நம் வீட்டுப் படியில் கால் இடறினால் என்ன செய்கிறோம்? கை தானாகத் தரையை நோக்கிப் போகும். யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. கை வானத்தைப் பார்த்துப் போனால், அந்த உடம்புக்கு விழப்போவது முன்பே தெரிந்திருக்கிறது.

நான் பார்க்கும் வேறு சில அடையாளங்களும் உண்டு. படுவதற்கு முன்பே முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டதா? பின்னங்காலை வேண்டுமென்றே இழுத்துவிட்டு எதிராளியின் காலைத் தேடினாரா? பந்தைத் தனக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்ட பிறகு விழுந்தாரா? விழுந்தவுடன் கண் எங்கே போகிறது? நிஜமாக வலித்தவன் வலித்த இடத்தைப் பார்ப்பான். மற்றவன் என்னைத்தான் பார்ப்பான்.

இவை எல்லாம் உதவும். ஒன்றும் முழுச் சாட்சி இல்லை. நெஞ்சை முன்தள்ளி விழுந்தவனின் காலிலும் நிஜமான அடி இருக்கலாம், ராபனுக்கு இருந்ததுபோல.

எத்தனை டைவுகளுக்கு உண்மையில் அட்டை கிடைக்கிறது?

மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு ஐரோப்பிய லீக் போட்டிகளின் ஆட்டங்களைப் பார்த்து, சுமார் 2,800 விழுதல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவற்றில் ஏறக்குறைய 6 விழுக்காடு அப்பட்டமான நடிப்பு. அந்த நடிப்புகளில் ஒன்றுகூடத் தண்டிக்கப்படவில்லை. லாபம் உண்டு, நட்டம் இல்லை என்றால் யார்தான் விடுவார்கள்? ஆட்டக்காரர்களின் குணத்தை மட்டும் திட்டிப் பயனில்லை.

வி.ஏ.ஆர். (காணொளியைத் திரும்பப் பார்த்து நடுவருக்கு உதவும் முறை) வந்த பிறகுமா இது நடக்கிறது?

பெட்டிக்குள் குறைந்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம். முழுவதும் போகவில்லை, போகவும் போகாது.

2018 உலகக் கிண்ணம், ஜூன் 22, வெள்ளிக்கிழமை இரவு 8 மணி, பிரேசிலும் கோஸ்தா ரிக்காவும். 0-0 என்று இருக்கும்போது நெய்மார் பெட்டிக்குள் திரும்பினார், கோன்சாலெஸின் கை அவர்மேல் பட்டது, நெய்மார் மல்லாந்து விழுந்தார். டச்சு நடுவர் பியோன் கைப்பர்ஸ் பினால்டிக்கு விசில் ஊதினார். பிறகு திரையில் போய்ப் பார்த்துவிட்டு, பினால்டி இல்லை என்று மாற்றினார். எங்கள் கடையில் பிரேசில் சட்டை போட்டவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு க்ரோஸ்ஸோ விழுந்தபோது ஆஸ்திரேலியாவுக்கு இந்தத் திரை இல்லை.

கவனியுங்கள், அப்போதும் நெய்மாருக்கு நடித்ததற்காக அட்டை கிடைக்கவில்லை. கை பட்டதும் உண்மை என்பதால் விட்டிருக்கலாம். சில நிமிடம் கழித்து வந்த மஞ்சள் அட்டை, கோபத்தில் பந்தைத் தரையில் அடித்ததற்கு.

வி.ஏ.ஆர். 2018இல் விதிக்குள் வந்தபோது நான்கு விஷயங்களுக்குத்தான் வந்தது: கோல், பினால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை கொடுத்தது. நடுத்திடலில் ஒருவர் விழுந்து ஃப்ரீ கிக் வாங்கினால் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மெதுவாக ஓட்டிக் காட்டினால் லேசான உரசல்கூடப் பெரிய அடிபோலத் தெரியும். எங்கே பட்டது என்பதற்கு மெதுவான காட்சி நல்லது. எவ்வளவு பலமாகப் பட்டது என்பதை நிஜ வேகத்தில்தான் பார்க்க வேண்டும். 2018 உலகக் கிண்ணத்தில் 29 பினால்டிகள் கொடுக்கப்பட்டன. அதற்கு முன் ஒரு போட்டியில் அதிகபட்சம் 18தான். நடுவர் கண்ணுக்குத் தப்பிய நிஜ ஃபவுல்கள் பிடிபட்டன என்பது இதில் ஒரு பங்கு.

நம் மலேசிய அணி ஹரிமாவ் மலாயாவுக்கு வி.ஏ.ஆர். உதவியது உண்டா?

2024 ஜனவரி 25, கத்தாரில் ஆசியக் கிண்ணம், தென் கொரியாவுக்கு எதிராக 3-3. இரண்டாம் பாதியில் அரிஃப் ஐமான் விழுந்ததை நடுவர் திரையில் பார்த்துத்தான் பினால்டி கொடுத்தார், அவரே அடித்தார். பிறகு கொரியாவுக்கு ஒரு பினால்டி போனது, சோன் அடித்தார். கடைசியில் ரோமல் மொராலெஸ் சமப்படுத்தியபோது எங்கள் லயமே எழுந்து நின்றது. அரிஃப் மட்டும் பொய்யாக விழும் பேர் எடுத்தவராக இருந்திருந்தால், அந்தத் திரையை எல்லோரும் வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு தண்டிக்க முடியாதா?

முடியும், சில இடங்களில் செய்கிறார்கள். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2017இல் ஒரு விதி கொண்டுவந்தது. நடுவரை ஏமாற்றிப் பினால்டி வாங்கினாலோ, எதிராளிக்குச் சிவப்பு அட்டை வாங்கிக் கொடுத்தாலோ, பிறகு காணொளியைப் பார்த்து இரண்டு ஆட்டத் தடை. அனைத்துலகப் போட்டிகளிலும் இப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

ஃபிஃபா மிகக் கடுமையாகத் தண்டித்த பாசாங்கு ஒன்று இருக்கிறது. 1989 செப்டம்பர் 3, ரியோவின் மரக்கானா அரங்கம், உலகக் கிண்ணத் தகுதியாட்டம். சிலி 1-0 என்று பின்தங்கியிருந்தது, தோற்றால் வாய்ப்புப் போய்விடும். பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட எரிவெடி ஒன்று சிலியின் கோல் கீப்பர் ரொபெர்தோ ரோஹாஸ் பக்கத்தில் விழுந்தது. புகைக்கு நடுவே அவர் தலையில் ரத்தத்தோடு கிடந்தார். சிலி அணி அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது, திரும்பி வரவில்லை. புகைப்படங்களைப் பார்த்தபோது வெடி அவர்மேல் படவே இல்லை. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடால் தானே வெட்டிக்கொண்டார் என்பது வெளிவந்தது. பிரேசிலுக்கு 2-0 வெற்றி. சிலி 1994 உலகக் கிண்ணத்துக்கு முயலவே தடை. ரோஹாஸுக்கு ஆயுள் தடை, 2001இல்தான் நீக்கினார்கள்.

ரோஹாஸ் நல்ல கோல் கீப்பர். அன்று களத்தில் இருந்த மற்ற சிலி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரும், அடுத்த உலகக் கிண்ணத்துக்காகக் காத்திருந்த இளைஞர்களும் ஒரு பாவமும் செய்யவில்லை. ஒருவர் போட்ட பொய்க்கு எல்லோரும் விலை கொடுத்தார்கள்.

அடிபட்டதாகப் படுத்து நேரம் கடத்தினால்?

திடலுக்குள் சிகிச்சை பெற்றவர் வெளியே போய்த்தான் திரும்ப வர வேண்டும். கோல் கீப்பருக்கும், ஃபவுல் செய்தவருக்கு அட்டை காட்டப்பட்டிருந்தால் அடிபட்டவருக்கும் விலக்கு உண்டு. அந்த இரண்டாவது விலக்கு நியாயமானது, அடி வாங்கியவனின் அணியே ஆள் குறைந்து ஆடக் கூடாது. ஆனால் தலையில் அடி என்றால் நடிப்போ நிஜமோ என்று நடுவர் யோசிக்கவே கூடாது. உடனே நிறுத்த வேண்டும்.

'அது பினால்டி இல்லை' என்று தானே சொன்ன ஆட்டக்காரர் உண்டா?

1997இல் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ராபி ஃபவ்லர், கோல் கீப்பர் சீமன் தன்னைத் தொடவில்லை என்று நடுவரிடம் கையாட்டிச் சொன்னார். நடுவர் மாற்றவில்லை. ஃபவ்லர் அடித்த பினால்டியை சீமன் தடுக்க, திரும்பி வந்த பந்தை மெக்காடீர் கோலாக்கினார்.

அனைத்துலக ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது 2003இல் ஹாங்காங்கில் நடந்தது. டென்மார்க்கும் ஈரானும். பார்வையாளர் ஒருவர் ஊதிய விசிலை நடுவரின் விசில் என்று நினைத்து ஈரான் ஆட்டக்காரர் பெட்டிக்குள் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி பினால்டி. டென்மார்க்கின் மோர்டன் வீகோர்ஸ்ட் பயிற்றுநரிடம் பேசிவிட்டு வந்து, பந்தை வேண்டுமென்றே வெளியே தட்டிவிட்டார். டென்மார்க் 1-0 என்று தோற்றது. இதை எங்கள் பையன்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

நம் ஆட்களில் யாராவது உலகக் கிண்ணத்தில் நடுவராக இருந்திருக்கிறார்களா?

சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. 1974இல் மூனிக் நகரில் போலந்து 7-0 என்று ஹைட்டியை வென்ற ஆட்டத்தில் விசில் அவர் கையில்தான் இருந்தது. உலகக் கிண்ணத்தில் முதல்முதலாகச் சிவப்பு அட்டை காட்டப்பட்டதும் அதே 1974 உலகக் கிண்ணத்தில்தான், வேறோர் ஆட்டத்தில், சிலியின் காஸெலிக்கு. நடுவராக விரும்பும் பிள்ளைகள் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் மகன் விழுந்து பினால்டி வாங்கினான், அணி ஜெயித்தது. எல்லோரும் தட்டிக் கொடுக்கிறார்கள். நான் என்ன சொல்வது?

இதை ஓர் அம்மா கேட்டார். கூட்டத்தின் முன்னால் திட்ட வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் "உன்மேல் பட்டதா?" என்று மட்டும் கேளுங்கள். அவனுக்கே பதில் தெரியும். பயிற்றுநர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பெட்டிக்குள்ள போனா விழுந்துடு" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த வயதில் நின்று ஆடக் கற்றுக்கொண்டால்தான் பதினெட்டு வயதில் கால் நிற்கும். விழப் பழகியவன் கோல் அடிக்க இருந்த வாய்ப்பையும் சேர்த்து விடுகிறான். இதை நான் எத்தனையோ பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

சார், கணுக்கால் உடைந்த அந்தப் பையனை அப்புறம் பார்த்தீர்களா?

பார்த்தேன். மறுநாள் மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா காப்பி கொடுத்தார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "தம்பி, நான் சரியாகப் பார்க்கவில்லை, அட்டை காட்டியது தப்பு" என்றேன். போட்டியை நடத்தியவர்களிடம் சொல்லி அந்த அட்டையைப் பதிவிலிருந்து எடுக்கச் சொன்னதையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொங்கல் போட்டிக்குள்ள கால் சரியாயிடுமா சார்?" என்று கேட்டான்.

சரியாகவில்லை. அந்தப் போட்டியில் அவன் கோட்டோரம் கொடி பிடித்து நின்றான், எனக்குத் துணை நடுவராக.